பெயரை வாசிக்கக்கூடவா நேரமில்லை?

ஞாயிற்றுக்கிழமை நம் சங்க ஆண்டு விழாவில் நடந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். அழைப்பிதழில் 'மறைந்த தலைவர்களுக்கு அஞ்சலி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுந்து நின்றோம். வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. "நன்றி, அமரலாம்." முடிந்தது அஞ்சலி. ஒரு பெயர்கூட வாசிக்கவில்லை.

பொன்னாடைக்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. பொன்னாடை போர்த்தியவருக்கே இன்னொருவர் வந்து பொன்னாடை போர்த்தினார்.

சிலை வை, மண்டபம் கட்டு என்று நான் கேட்கவில்லை. மறைந்த ஒவ்வொருவர் பெயரையும், அவர் செய்ததை ஒரு வரியிலும் வாசித்திருக்கலாம். அவ்வளவுதான்.

"செத்தவர்கள் பெருமையையே பேசினால் இளைஞர்கள் எப்படி வருவார்கள்?" என்று ஒருவர் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை பார்க்க இளைஞர்கள் முண்டியடித்தார்களா என்ன?

தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் தொடங்கியது. முதல் தலைவர் உமாமகேசுவரனார், தொழிலில் வக்கீல். முப்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அயோத்திக்குப் பக்கத்தில் பைசாபாத்தில், 1941 மே 9 அன்று இறந்துபோனார். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவருக்கு அதன்பின் வாழக் கிடைத்தது பத்தே ஆண்டுகள். இருவர் பெயரும் இன்றும் நிற்கிறதென்றால், பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான். தானாக எதுவும் நிற்பதில்லை.

"அந்தச் சங்கங்களோடு நம்மை ஒப்பிடலாமா?" ஒப்பிட வேண்டாம் சார். அவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது, சிலை இருக்கிறது. நம்மவர்களுக்கு இருப்பதே அந்த இரண்டு நிமிடம்தான். அதையும் கார் வந்தால் பிடுங்கிக்கொள்வோமா?

எங்கள் பழைய செயலாளர் ஐயாவைத் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பள்ளி விடுமுறையில் எங்களைக் கல்வெட்டுப் படியெடுக்கக் கூட்டிப்போவார். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். "அவசரப்படாதடா, கிழிஞ்சா மறுபடியும் மொதல்லேர்ந்து" என்பார். பிறகு மை ஒத்தும்போது, கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்து எழுந்துவரும். அதில் யாரோ ஒருவர் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்திருப்பார். ஐயா அந்தப் பெயரைச் சத்தமாக வாசிப்பார். எவனோ ஒருவன் கொடுத்த ஆட்டுக்கே ஆயிரம் வருஷமாகப் பெயர் நிற்கிறது! அதைத் தேடித்தேடி வாசித்த மனிதரின் பெயரை அவர் வளர்த்த சங்கத்து மேடையில் வாசிக்க ஆளில்லை.

நம் பழைய தலைவர்களும் குறையில்லாதவர்கள் இல்லை, நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள்தான் என்கிறீர்களா? உண்மைதான். போட்டார்கள். ஐயாவும் போட்டார், இரண்டு வருடம் ஒருவரோடு பேசாமலே இருந்தார். அந்த ஒருவர் பெயரையும் சேர்த்துத்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

"குறை சொல்வது சுலபம், நீ பொறுப்புக்கு வா." இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பொறுப்பில் இருந்தால்தான் வருத்தப்படலாம் என்று சங்க விதியில் எங்கே இருக்கிறது?

ஐயாவின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்த வயதில், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மேடையில் இருந்த ஒருவராவது பார்த்தீர்களா? விழா முடிந்ததும், "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றாராம் ஒரு நிர்வாகி. பெரிய மனசு!

சுவரில் இருந்த பழைய படங்கள் வேறு இப்போது மடக்கு நாற்காலி அடுக்கும் அறையில் கிடக்கின்றன. புதுப் பேனருக்கு இடம் வேண்டுமாம். பேனரில் இருக்கும் முகங்களை எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், நீடூழி வாழட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பட்டியலை நானே எழுதி எடுத்துவருகிறேன். மைக் தருவீர்களா, மாட்டீர்களா என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். கையோடு, போன வருடம் வாங்கிய சந்தாவுக்கு ரசீதையும் கொடுத்துவிட்டால் நல்லது.