நேத்து என்ன சாப்பிட்டேன்னு வேலைக்கு வந்த அந்தத் தம்பிங்கள யாரு கேக்குறது?

ரெண்டு மாசம் முன்னாடி சாப்பாடு சம்பந்தமான ஒரு சர்வேக்காக ஒரு பொண்ணு இங்க சிங்கப்பூர்ல எங்க வீட்டுக்கு வந்துச்சு. நேத்து காலையில எந்திரிச்சதுலேருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, குடிச்சீங்கன்னு கேட்டுச்சு. நானும் மளமளன்னு சொல்லிட்டேன், ரெண்டு தோசை, கோப்பி, மதியம் வீட்டுலேருந்து கட்டிட்டுப் போன சாம்பார் சாதம், கோஸ் பொரியல், ராத்திரி சப்பாத்தி. அவ்ளோதான்னேன். அது விடல. தோசைக்கு என்ன தொட்டுக்கிட்டீங்க, எண்ணெய் எத்தன கரண்டி, இந்தப் படத்துல இருக்குற கிண்ணத்துல உங்க கிண்ணம் எது, கோப்பியில சீனியா டின்பாலான்னு மறுபடி மறுபடி முதல்லேருந்து கேட்டுச்சு. மூணாவது சுத்துலதான் ஊறுகா வந்துச்சு, அப்பளம் வந்துச்சு, ஆபீஸ்ல ஒருத்தங்க நீட்டுன முறுக்கு வந்துச்சு, சாயங்காலம் குடிச்ச தே தாரேக் (இழுத்து ஆத்துன பால் டீ) வந்துச்சு. நான் எதையும் மறைக்கல, சத்தியமா ஞாபகமே இல்ல.

இப்படிக் கேக்குறதுக்குப் பேரு 24 மணி நேர நினைவு முறையாம். பல நாட்டுல இப்படித்தான் கேக்குறாங்க. பெரும்பாலும் ஆளுங்க கொஞ்சம் கம்மியாத்தான் சொல்லுவாங்கன்னு அந்தத் துறையில இருக்குறவங்களுக்கே நல்லாத் தெரியும், அதனாலதான் அத்தன தடவ கேக்குறது. உப்புக்கு அதுவும் பத்தாது. நாம சாப்பிடுற சோடியத்துல சுமார் 90 சதவீதம் சிறுநீர்லதான் வெளிய போகுது, அதனால ஒரு நாள் முழுக்க அதைச் சேத்து வச்சு அளந்தாத்தான் சரியான கணக்கு வரும்.

இதெல்லாம் வெட்டி வேலைன்னு நிறைய பேரு சொல்றாங்க, கதவைத் தொறக்கவே மாட்டேங்குறாங்க. ஆனா இங்க நடந்தத பாருங்க. 2022 தேசிய ஊட்டச்சத்து சர்வேயில நாம ஒரு நாளைக்கு சராசரியா 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுறோம்னு வந்துச்சு. அதாவது ஏறக்குறைய 9 கிராம் உப்பு. இருக்க வேண்டியது 2,000 மில்லிகிராம்தான். 2021-2022 சுகாதார சர்வேயில 37 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, 2017ல அது 24 சதவீதமாத்தான் இருந்துச்சு. இந்த நம்பர் எல்லாம் கையில இருந்ததாலதான் சாஸ், மீ (நூடுல்ஸ்) பாக்கெட், உப்புக்கெல்லாம் எவ்ளோ நல்லதுன்னு தரம் பிரிச்சுக் காட்டுற நியூட்ரி-கிரேட் லேபிள் 2027லேருந்துன்னு முடிவு பண்ணுனாங்க. சீனி கதையும் இதேதான், 2022 கடைசியில பானங்களுக்கு ஏ, பி, சி, டின்னு அதே தர லேபிள் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடியே கம்பெனிகாரங்க சீனியக் குறைச்சுக்கிட்டு வந்துட்டாங்க.

நம்ம ஆளுங்க விஷயத்தையே எடுத்துக்குங்க. 2010ல எடுத்த சர்வேயில இந்தியர்கள்ல 17.2 சதவீதம் பேருக்கு நீரிழிவு, சீனர்கள்ல 9.7. அப்படிப் பிரிச்சு எண்ணலைன்னா மொத்தமா 11.3னு ஒரு நம்பருக்குள்ள நம்ம ஜனங்களோட கஷ்டம் அப்படியே அமுங்கிப் போயிருக்கும். எண்ணுனாத்தான் கண்ணுக்குத் தெரியுது, தெரிஞ்சாத்தான் யாராச்சும் எதையாச்சும் செய்றாங்க.

சரி, இந்த சர்வேயெல்லாம் யாரை எண்ணுது? குடிமக்களையும் பிஆரையும் (நிரந்தரவாசிங்க). வொர்க் பெர்மிட்ல, அதாவது வேலை அனுமதியில வெளிநாட்டுலேருந்து வந்து இருக்குற தம்பிங்க இதுல கிடையாது.

எங்க வீட்டுக்காரரோட அத்தை பையன் ஒருத்தன், புதுக்கோட்டை பக்கம், கட்டுமான வேலை, இங்க வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. துவாஸ் பக்கம் தங்குவிடுதி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வந்துட்டு அப்படியே நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவான். போன தடவ வந்தப்ப சும்மா இருக்க முடியாம அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்ட மாதிரியே அவன்கிட்ட கேட்டேன், தம்பி நேத்து என்ன சாப்பிட்டேன்னு. "கேட்டரிங்தான் அண்ணி, காலையில பரோட்டா பருப்பு, மதியம் சோறு கோழி, ராத்திரி சோறு மீனு"ன்னான். கேக்க நல்லாத்தான இருக்கு? பேப்பர்ல எழுதுனா சோறு, பருப்பு, கோழி, மீனு, ஒரு குறையும் தெரியாது.

ரெண்டாவது சுத்து கேட்டேன். மதிய பாக்கெட்டும் காலை சாப்பாட்டோடவே விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்துருமாம், அப்ப எப்ப சமைச்சிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க, அதைத் தூக்கிட்டுப் போயி சைட்ல வெயில் படாத எடமாப் பாத்து வச்சிருந்து பன்னெண்டு மணிக்குத் தொறந்தா சோறு நசநசன்னு இருக்குமாம். மூணாவது சுத்துலதான் சொன்னான், "வாடை அடிச்சா ஊறுகாயப் போட்டுப் பெசஞ்சு முடிஞ்சவரைக்கும் சாப்பிடுவேன் அண்ணி, முடியலன்னா கொட்டிருவேன், ராத்திரி ரூமுக்கு வந்து ரெண்டு மேகி போட்டுக்குவேன்." ரெண்டு பாக்கெட் தூளும் முழுசா. இந்தக் கேட்டரிங்குக்கு மாசம் நூத்தைம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பக்கம் அவன் கைக்காசு போகுது. எனக்கு அன்னிக்கு சோறே எறங்கல.

எல்லா கேட்டரிங்கும் இப்படின்னு நான் சொல்ல வரல. நல்லா குடுக்குறவங்களும் இருப்பாங்க. ஆனா எத்தன பேரு நல்லா குடுக்குறாங்க, எத்தன பேரு இந்தத் தம்பி மாதிரி ஊறுகாயும் மேகியுமா ஓட்டுறாங்கன்னு சர்வே எடுத்தாத்தான தெரியும்?

அவங்க இங்கயே இருக்கப் போறவங்க இல்லியேன்னு ஒரு தோழி சொன்னா. ஒம்பது வருஷம்டி! முப்பதுலேருந்து முப்பத்தொம்பது வரைக்கும் அவன் உடம்புல ஏறுன உப்பு எல்லாம் இந்த ஊரு உப்பு. அங்க ஊர்ல சர்வே எடுக்க வந்தாலும் வீட்டுல இருக்குறவங்களத்தான் எண்ணுவாங்க, இவன் அதுலயும் கிடையாது. ரெண்டு நாட்டுக் கணக்குலயும் இல்லாத ஒரு மனுஷன் நாலு ப்ளாக்குக்கு அந்தாண்ட நமக்கு வீடு கட்டிக்கிட்டு இருக்கான்.

முடியாத காரியம்னும் சொல்ல முடியாது. கொரோனா நேரத்துல விடுதி விடுதியாப் போயி ரத்தம் எடுத்தாங்களே, 2020 டிசம்பர்ல 323,000 பேர்ல சுமார் 152,000 பேருக்குத் தொத்து வந்திருக்குன்னு சரியா எண்ணிச் சொன்னாங்களே. அதே விடுதி, அதே ஆளுங்க. 2022லேருந்து அவங்களுக்குன்னு மருத்துவத் திட்டமும் இருக்கு, அங்க ரத்தக்கொதிப்பு பாக்குறப்பவே நேத்து என்ன சாப்பிட்டேன்னு சேத்துக் கேட்டா என்ன?

கேக்கும்போது தமிழ்ல கேளுங்க, வங்காளத்துல கேளுங்க. சூப்பர்வைசர் பக்கத்துல நிக்காத நேரமாப் பாத்து, ஞாயித்துக்கிழமை, அவசரப்படாம மூணு சுத்து கேளுங்க. என்கிட்ட கேக்காத ரெண்டு கேள்வியையும் அந்த பாரத்துல சேத்துருங்க, இந்த சோறு எத்தன மணிக்கு வடிச்சது, நீ எத்தன மணிக்குச் சாப்பிட்ட.