உன் போக்கையும் உன் வரத்தையும்

போன ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். பல வருஷம் கழித்து நிற்கிறேன். ராத்திரியில் நெடுஞ்சாலையில் எங்கள் வண்டி பழுதாகி நின்றதை மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் எங்கள் சபை அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியில வண்டி ஸ்டார்ட் ஆச்சா?" இல்லைக்கா என்றேன். "அப்போ அற்புதம் என்னம்மா?" அன்பாகத்தான் கேட்டார். அங்கே நின்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் பெரியம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு அம்மாவும் நானும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு 74 வயது. கூடப் பிறந்தவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த அக்காவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வருகிறாள். இருந்துவிட்டுக் காலையில் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மறுநாள் பள்ளிக்கூடம். 160 கிலோமீட்டர் நாலு வழிச் சாலைதானே, மூன்று மணி நேரத்தில் வீடு என்று கிளம்பிவிட்டேன்.

கோவில்பட்டி தாண்டி கயத்தாறுக்கு முன்னால், பதினொன்றே முக்கால் இருக்கும். பானெட்டுக்குள் சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏசியில் வெறும் காற்று வந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. பெல்ட் அறுந்திருக்கிறது. என் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்ற வைக்கிறது. அது போனால் மேற்கொண்டு ஓட்டவே கூடாது, இன்ஜின் வெந்துவிடும். காலையில் கிளம்பும்போதே ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அதைப் பொருட்படுத்தாதது என் தப்பு. இடது ஓரம் ஒதுக்கி நான்கு இண்டிகேட்டரையும் போட்டு நிறுத்தினேன். பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

இனி சொல்லப்போவதுதான் சபையில் சொல்ல வராமல் போனது.

எனக்கு வந்த பயம் இருட்டைப் பற்றியதோ கள்ளனைப் பற்றியதோ மட்டும் இல்லை. 2013-இல் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, இதே சாலையில்தான் போய்ச் சேர்ந்தார். பழுதாகி விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் அவர் கார் மோதியது. அவர் கார் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எங்கள் ஜனங்களின் வண்டிகளில் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." கண்ணாடி முழுக்க விரிசல். ஸ்டிக்கர் மட்டும் கிழியாமல் இருந்தது. அதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து, அந்த வசனம் வருகிற வேதாகமப் பாட்டான 121-ஆம் சங்கீதத்தை நான் வாயால் மட்டும்தான் சொல்லிவந்தேன். புது வண்டி வாங்கியபோது அதே ஸ்டிக்கரை அம்மா ஒட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நிற்கிற வண்டி எங்களுடையது. பின்னால் வருகிறவன் தூங்கி விழுந்தால்? அம்மாவை முதலில் கீழே இறக்கினேன். ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். இரவில் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். இரும்புத் தடுப்பைத் தாண்டி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை ஐம்பது அறுபது தப்படி பின்னால் தள்ளி வையுங்கள். 1033-க்கு அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது. நானும் அடித்தேன். ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐப்பசி மழையில் ஊறிய கரிசல். அந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. அம்மாவுக்கு ஒரு போர்வையை மடித்துப் போட்டு ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தேன். நான் நின்றுகொண்டு, கடந்து போகிற ஒவ்வொரு லாரியின் வெளிச்சத்துக்கும் உடம்பைச் சுருக்கினேன். ஜெபம் பண்ணினேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா தெரியவில்லை. இந்த ஒரு தடவை ஓட வையும் ஆண்டவரே, கயத்தாறு வரைக்கும் போதும், இனி ராத்திரியில் கிளம்ப மாட்டேன் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இங்க வந்து உக்காரு" என்றாள் அம்மா.

"எம்மா, எப்படிம்மா உக்காருவேன்?"

"நீ நின்னா மட்டும் வண்டி ஓடிருமா? உக்காரு. இன்னும் ராத்திரி ஜெபம் பண்ணலல்லா."

எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆச்சி காலத்திலிருந்து படுக்கும் முன் இந்தச் சங்கீதம்தான். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று அம்மா தொடங்கினாள். பார்க்கும் தூரத்தில் பர்வதம் ஒன்றும் இல்லை. காற்றில்லாமல் நின்றுபோன காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. அடக்கத்தில் அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. ஆனால் எந்த வார்த்தையிலும் தடுமாறவில்லை.

இது வழிப்போக்கர்களின் பாட்டு. 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போனவர்கள் நடக்கும்போது பாடியவை என்பார்கள். மலைப்பாதை, கள்வர், பகல் வெயில், இரவு நிலவு எல்லாம் அவர்களுக்கு நிஜம். எட்டே வசனத்தில் 'காக்கிறவர்', 'காப்பார்' என்று ஆறு முறை வருகிறது. வீட்டுக் கட்டிலில் சொல்லும்போது எனக்கு அது கேட்டதே இல்லை. சாலையோரத்து இருட்டில் உட்கார்ந்து கேட்டபோது, வழியில் நிற்கிறவர்களுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

"உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. "மாமாவுக்கு ஏம்மா அப்படி?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக அம்மாவிடம் கேட்காத கேள்வி.

அம்மா உடனே பேசவில்லை. ஒரு பஸ் கடந்து போனது. அப்புறம் சொன்னாள்: "எனக்கும் தெரியாதுட்டி. நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஆனா 'என்றைக்கும்'னு இருக்குல்லா. அவன் இப்பவும் அவருகிட்டதான் இருக்கான். இன்னைக்கு அக்காவும் போயிட்டா. நாம ரெண்டு பேரும் இங்க இருக்கோம். எல்லாரும் ஒரே கையிலதான இருக்கோம்." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சங்கீதத்தைத் தொடர்ந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. எப்படிச் சொல்வது? வேதாகமத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: அமைதல். சீஷர்களோடு படவில் போகும்போது புயல் அடிக்க, இயேசு கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்றார், காற்று நின்றது, மிகுந்த அமைதல் உண்டாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். எனக்குக் காற்று நிற்கவில்லை. வண்டி ஆவி விட்டுக்கொண்டுதான் இருந்தது, லாரிகள் அதே வேகத்தில்தான் போயின. என் கை நடுக்கம் மட்டும் நின்றுவிட்டது. வயல் முழுக்கத் தவளைச் சத்தம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மீதி வசனங்களை நானும் சேர்ந்து சொன்னேன், 2013-க்குப் பிறகு முதல் முறையாக மனசோடு. யோசித்துப் பார்த்தால், மாற்கு சொல்கிற அந்தப் படவில் காற்று நிற்பதற்கு முன்பே அமைதல் இருந்தது. தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் அவர்.

பன்னிரண்டரைக்கு ஒரு லாரி வேகம் குறைத்து, எங்களைத் தாண்டிப் போய் ஓரம் கட்டியது. பயந்தேன், மறைக்கவில்லை. நாமக்கல் பதிவெண். இறங்கி வந்தவர் நெற்றியில் திருநீறு. "ஏனுங்க, வயசான அம்மாவ வெச்சுக்கிட்டு இந்நேரத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டுங்க, இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். வேப்பங்கொப்பு இரண்டை ஒடித்து, முக்கோணத்துக்கும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். ரோந்து வண்டி வரும்வரை, முக்கால் மணி நேரம், டார்ச்சை ஆட்டி வருகிற வண்டிகளை வலது பக்கம் ஒதுக்கிவிட்டுக்கொண்டே நின்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "எங்கம்மாவும் இந்த வயசுதானுங்க" என்றார். அம்மா அவர் தலையில் கைவைத்து ஜெபித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ரோந்துக்காரர்கள் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு கயத்தாறு போனோம். ஒர்க்‌ஷாப் திறக்கிற வரைக்கும் டீக்கடை பெஞ்சில் என் மடியில் தலைவைத்து அம்மா தூங்கினாள். நான் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

அக்கா, இதுதான் நான் சொல்ல வந்த சாட்சி. ஜெபித்தேன், சாவியைத் திருப்பினேன், வண்டி ஓடியது என்று வாட்ஸப்பில் வருகிற சாட்சிகளை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆண்டவர் அப்படியும் செய்வார். ஆனால் அவை மட்டுமே சபையில் சொல்லப்பட்டால், வண்டி ஓடாதவர்கள் எங்கே போவார்கள்? என் அத்தை, மாமாவின் மனைவி, சாட்சி நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பல ஞாயிறுகளாகப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கிறேன். அவளுடைய ஜெபம் குறைந்துபோனது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு அற்புதக் கதையும் அவளுக்கு அப்படித்தான் கேட்கும். காக்கப்படுவது என்றால் பெல்ட் அறாமல் இருப்பது என்று நாம்தான் சுருக்கிவிட்டோம். அந்தச் சங்கீதத்தில் அப்படி இல்லை.

ஞாயிறன்று நான் பேசி முடித்தபோது அத்தை தலை நிமிர்ந்திருந்தாள். சாயங்காலம் போன் பண்ணி, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நேற்று அழைத்துக்கொண்டு போனேன். பகலில் எந்த இடம் என்று சரியாகத் தெரியவில்லை. வேப்பமரத்தை வைத்துத் தேடினோம். மரம் ஐந்தாறு இருந்தது. ஏதோ ஒன்றின் கீழே நிறுத்தி, இரண்டு பேரும் தடுப்பைத் தாண்டி இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.