விதைத்த ஏக்கருக்கா, வெட்டின ஏக்கருக்கா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு சொந்தக்காரப் பிள்ளை போன கிழமை போன் எடுத்தாள். கல்யாணமாகி ஆறு வருசம். கொழும்பில் ஓர் இடத்தில் ஐவிஎப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப உள்ளே வைக்கிற சிகிச்சை) செய்தால் 100க்கு 60 வெற்றி என்றார்களாம். "காணியை ஈடு வைக்கட்டோ அக்கா?" என்றாள். நான் கேட்டது ஒன்றுதான்: "எந்த 100இல 60?"

2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது எங்கள் மாமாவின் ஐந்து ஏக்கரில் மூன்று அள்ளுப்பட்டுப் போனது. மிஞ்சின இரண்டில் நல்ல விளைச்சல். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று யாரோ கேட்க, மாமா திருப்பிக் கேட்டார்: "விதைச்ச ஏக்கருக்கோ, வெட்டின ஏக்கருக்கோ?"

ஐவிஎப் கணக்கும் இதேதான். முட்டை வளர ஊசி தொடங்கிய எல்லோருக்கும் முட்டை எடுக்கிற நாள் வருவதில்லை. எடுத்தாலும் கரு உருவாகாமல் போகலாம். கருவை உள்ளே வைக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் வீதம் தானாக ஏறும். வெள்ளம் கொண்டுபோனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள்? நான் முதலில் ஐவிஎப் செய்தபோது இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ் வந்தது. ஸ்கானில் கரு வளர்கிற சின்னப் பை தெரிந்தது. தாதி கைகொடுத்தா, அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. ஏழாம் கிழமை டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். துடிப்பு இல்லை. ஸ்கானில் தெரிந்தாலே கர்ப்பம் என்று எண்ணும் இடமென்றால், அந்த வருசத்து வெற்றிகளில் நானும் ஒருத்தி. வெறுங்கையோடு பஸ் ஏறிய வெற்றி!

இரண்டு கரு வைத்து இரட்டைப் பிள்ளை வந்தால் நம் ஊரில் இரட்டைச் சந்தோசம். ஆனால் குறைமாதப் பிறப்பும் தாய்க்கு ஆபத்தும் அதில் கூட. அதனால்தான் பல நாடுகளில் முடிந்தவரை ஒரு கருவை மட்டும் வைக்கிறார்கள். வயதையும் விட்டுவிட முடியாது. சொந்த முட்டை என்றால் 30இல் இருக்கிறவளின் வீதமும் 42இல் இருக்கிறவளின் வீதமும் ஒன்றில்லை, வித்தியாசம் பல மடங்கு. பிரித்தானியாவில் இதைக் கண்காணிக்கச் சட்டப்படி ஓர் ஆணையம் 1991இலிருந்து இயங்குகிறது, ஒவ்வொரு கிளினிக்கின் பிறப்பு வீதத்தையும் யாரும் பார்க்கலாம். நாங்கள் வரவேற்பு மேசையில் இருக்கிற தங்கச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் இப்படிக் கேட்கச் சொன்னேன்: "என்ர வயசில ஊசி தொடங்கின 100 பேரில, மிஞ்சினதை உறைய வைச்சுப் பிறகு உள்ள வைச்ச கருவையும் சேர்த்து, எத்தனை பேர் உயிரோட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்ட போனவை?" முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேள். காசு உன்னுடையது, உடம்பும் உன்னுடையது.

நான் இதை இரண்டாவதாகப் போன இடத்தில்தான் கேட்டேன். அந்த டொக்டர் கோபிக்கவில்லை. மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் ஓர் எண்ணை எழுதித் தந்தா. சின்ன எண். இரவு பஸ்ஸில் மாங்குளம் தாண்டும்வரை இவர் போன் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.