மகள் வயதுக்கு வரும் முன்பே பேசுங்கள்

பெண் குழந்தையிடம் மாதவிடாய் பற்றி எப்போது பேசுவது என்று கேட்கும் தாய்மார்களுக்கு, அது வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். நம் வீடுகளில் பெரும்பாலும் மகள் வயதுக்கு வந்த அன்றுதான் அம்மா வாய் திறக்கிறாள். அப்போதும் உடலில் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, பூஜை அறைப் பக்கம் போகாதே, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, பையன்களோடு இனி விளையாடாதே என்றுதான் சொல்கிறாள். உள்ளாடையில் இரத்தத்தைக் கண்டு, தனக்குப் பெரிய நோய் வந்துவிட்டதென்று பள்ளிக் கழிப்பறையில் அழும் குழந்தைக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எப்படித் துணை நிற்கும்?

மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம். ஆகவே தாய்க்கு அவகாசம் இருக்கிறது. கருப்பையின் உட்சுவர் தடித்து, கரு உருவாகாதபோது இரத்தத்தோடு வெளியேறுகிறது என்பதை எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையாலும் புரிந்துகொள்ள முடியும். நாப்கினைக் கையில் கொடுத்து, எப்படி வைப்பது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஏன் மாற்ற வேண்டும் என்று காட்டிவிடலாம். முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தள்ளிப்போவது இயல்பு என்பதையும், ஏழு நாளுக்கு மேல் உதிரப்போக்கு நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும்.

தாய்மாமன் சீரையோ, பாட்டி கிண்டித் தரும் உளுந்தங்களியையோ நான் குறை சொல்லவில்லை. களி நல்ல உணவு. குழந்தையை ஒதுக்கி உட்கார வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்தியதற்காகத் தனிக்குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி, மரம் விழுந்து இறந்துபோனாள். புயல் எச்சரிக்கை வந்திருந்தும் அந்தக் குழந்தையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள விடாத அளவுக்குத் தீட்டு என்ற அச்சம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை. அந்த அச்சம் மகளுக்குப் போய்ச் சேருவதும் பெரும்பாலும் தாயின் சொல் வழியாகத்தான். அவளுக்கும் அவள் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

இந்தப் பேச்சில் அப்பாவும் அண்ணன் தம்பிகளும் இருக்கட்டும். அம்மா ஊரில் இல்லாத நாளில் மகள் தயங்காமல், "அப்பா, நாப்கின் தீர்ந்துவிட்டது" என்று கேட்க வேண்டும். அவரும் கடைக்குப் போய், செய்தித்தாளில் சுற்றச் சொல்லாமல் வாங்கி வர வேண்டும்.