மீன் பிடிக்கத்தான் போகிறாள்

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவின் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். கடலில் ஒளிரும் உயிரினங்களின் வேதியியலை ஆராய வேண்டும் என்று மேடையில் சொன்ன பெண் என் அண்ணன் மகள். "மதுரையில் ஏதம்மா கடல்? மீன் பிடிக்கப் போகிறாயா?" என்று கேட்ட பெரிய மனிதரின் பெயர் இங்கே வேண்டாம். அரங்கமே சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆமாம், மீன் பிடிக்கத்தான் போகிறாள். ஜப்பானிய வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுராவும் அதைத்தான் செய்தார். 1961 கோடையில், அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில், ஜெல்லி மீனின் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். அங்கே வழிந்துகொண்டிருந்த கடல்நீர் பட்டதும் பளீரென்று நீல ஒளி! கடல்நீரின் கால்சியம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். பிறகு சுமார் 10,000 ஜெல்லி மீன்களை வலையால் அள்ளி, ஒளி இருக்கும் குடை விளிம்பை மட்டும் கத்தரித்து, துணியில் பிழிந்து, அந்த நீல ஒளி தரும் புரதத்தைப் பிரித்தார். கூடவே கிடைத்த பச்சை ஒளிர் புரதத்தைக் கொண்டுதான் இன்று ஆய்வக எலியின் உடலுக்குள் புற்றுநோய்ச் செல் பரவுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். மீன் பிடித்தவருக்கு 2008இல், 80 வயதில், நோபல் பரிசு.

"எல்லோருக்கும் நோபல் கிடைக்குமா?" என்பீர்கள். கிடைக்காது. அந்தப் புரதத்தின் மரபணுவை 1992இல் பிரித்துக் கொடுத்த டக்ளஸ் பிரேஷருக்குக் கிடைக்கவில்லை. பரிசு அறிவித்தபோது அவர் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் வேலை வீண் என்பீர்களா?

"வசதியான நாட்டுக்காரர்" என்பவர்களுக்கு: நாகசாகியில் குண்டு விழுந்தபோது ஷிமோமுராவுக்கு 16 வயது. அந்த ஒளியில் சற்று நேரம் கண் தெரியாமல் போனது. போருக்குப் பின் விருப்பமே இல்லாமல், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருந்தியல் கல்லூரியில் சேர்ந்தார். கிடைத்தது அது ஒன்றுதான்.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஆராய்ச்சிக்கு இடம் வாங்கி வந்தபோது, கீழமாசி வீதிக் கடையில் வைத்துச் சித்தப்பா கேட்டார்: "இன்னும் எத்தனை வருஷம் உங்கள் அப்பா உனக்குச் சோறு போட வேண்டும்?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறு மாதமே வேலைக்குப் போய்விட்டேன். அன்று எனக்காக வாய் திறக்க ஒருவரும் இல்லை. அந்தக் கோபமும் இதில் இருக்கிறது. இருக்கட்டும்.

அண்ணி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். வங்கித் தேர்வுக்கு அவளை எழுதச் சொன்னீர்களாம். வேண்டாம் அண்ணி. அவள் கேட்கும் இடத்துக்கே விண்ணப்பம் போடட்டும். கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனிடம் இன்று இரவே பேசுகிறேன்.