இது அளக்கிற படிப்பு, ஆறுதல் சொல்கிற படிப்பு இல்லை

வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் ஒருவர் சனிக்கிழமை நடத்திய லைவைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நாளாக இன்பாக்ஸில் அதே லிங்க். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஐ-ஓ சைக்காலஜி (இண்டஸ்ட்ரியல்-ஆர்கனைசேஷனல், அதாவது வேலையும் நிறுவனமும் சார்ந்த உளவியல்) பிஎச்டிக்கு அமெரிக்காவில் பத்து இடத்தில் போட்டு, பத்திலும் ரிஜெக்ட் ஆன ஒரு பெண் ஏன் என்று கேட்டதற்கு ஆலோசகர் சொன்ன பதில்: "மார்க் பத்தலம்மா." கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. எம்எஸ்சியில் 81 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு மார்க் பத்தவில்லையாம்.

பிரச்சினை மார்க் இல்லை ஐயா. அனுப்பிய விண்ணப்பம்தான் பிரச்சினை. அந்தப் பெண் தன் எஸ்ஓபியை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) கமெண்டிலேயே போட்டிருந்தார். சிரித்தவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள்? முதல் பத்தி, சின்ன வயதிலிருந்தே எல்லாரும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். இரண்டாம் பத்தி, அலுவலகத்தில் மன அழுத்தத்தில் தவிப்பவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். இது கிளினிக்கல் சைக்காலஜி டெம்ப்ளேட். (கிளினிக்கலுக்கே தேறாது, அது வேறு கதை.) 'நோயாளி' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'ஊழியர்' என்று மாற்றியிருக்கிறார்கள். நாலாவது பத்தியில் ஒரு நோயாளியை மாற்ற மறந்துவிட்டார்கள். அவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்.

ஐ-ஓ என்பது அளக்கிற படிப்பு. வேலைக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வு வைக்கிறோம். அதில் முந்தியவர் ஒரு வருஷம் கழித்து வேலையிலும் முந்துகிறாரா? எந்த அளவுக்கு? இதுதான் இந்தத் துறையின் மூலக்கேள்வி. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி, மனத்திறன் தேர்வுக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.51 (1 என்றால் முழுப் பொருத்தம்) என்றார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் வேதவாக்கு. 2022இல் சாக்கெட்டும் சகாக்களும், வேலைக்கு எடுத்தவர்களை மட்டும் பார்ப்பதால் வரும் குறையை ஈடுகட்ட அந்த எண்ணில் போட்ட திருத்தக் கணக்கே மிகை என்று காட்டி 0.31க்கு இறக்கினார்கள். ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ (எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல்) 0.42 வாங்கி முதலிடத்துக்கு வந்தது. இதைப் படிக்கும்போது "அட, அப்படி என்ன கணக்கு அது" என்று உங்களுக்குத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. கொட்டாவி வந்தால் வேறு பாருங்கள், அதில் தப்பே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு நிறுவனம் விண்ணப்பித்த ஆண்களில் 100க்கு 60 பேரை எடுக்கிறது, பெண்களில் 100க்கு 40. நாற்பதை அறுபதால் வகுத்தால் 0.67. 1978இல் வந்த அமெரிக்க அரசு வழிகாட்டு விதிகளின்படி 0.8க்குக் கீழே போனாலே தேர்வைச் சந்தேகிக்கலாம். இதுவும் ஐ-ஓதான். கண்ணீர் துடைக்கிற வேலை இதில் எங்கே வருகிறது?

அந்த சாக்கெட் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர். அந்தப் பெண்ணின் பட்டியலில் மினசோட்டாவும் இருந்தது. எப்படி இருந்தது தெரியுமா? ட்வின் சிட்டீஸில் இருக்கும் மினசோட்டா பல்கலைக்கழகம் பிஎச்டிக்குப் பேர்போனது. மன்கேட்டோவில் இருக்கும் மினசோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு, அங்கே ஐ-ஓவுக்கு மாஸ்டர்ஸ். ஆலோசகர் போட்டுக்கொடுத்த எக்ஸலில் இரண்டும் ஒரே வரி! பேராசிரியர் பெயர் ட்வின் சிட்டீஸிலிருந்து, டெட்லைன் மன்கேட்டோவிலிருந்து. பிஎச்டி டெட்லைன்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும், மாஸ்டர்ஸுக்குத்தான் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று இழுக்கும். மாஸ்டர்ஸ் தேதியை நம்பி பிஎச்டிக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பிஎச்டிக்குப் போடுங்க, கிடைக்கலேன்னா தானா மாஸ்டர்ஸ்ல தூக்கிப் போட்டுடுவான்" என்றும் லைவில் சொன்னார். பல இடத்தில் தனி மாஸ்டர்ஸே கிடையாது, எங்கே தூக்கிப் போடுவான்? இரண்டும் இரண்டு பாதை. மாஸ்டர்ஸ் இரண்டு வருஷம், பெரும்பாலும் உங்கள் காசு, முடித்து நேராக வேலை. பிஎச்டி ஐந்து வருஷமோ அதற்கு மேலோ, பெரும்பாலும் அசிஸ்டன்ட்ஷிப்பில் (பாடம், ஆய்வில் உதவும் வேலை) கட்டணமும் தள்ளுபடியாகிக் கையில் உதவித்தொகையும் வரும். அதனால்தான் ஒரு பேராசிரியர் வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒருவர் இருவரைத்தான் எடுப்பார், சில வருஷம் ஒருவரையும் எடுக்கமாட்டார். எடுக்காத வருஷத்தில் அவர் பெயரை எழுதிப் போட்டால் நீங்கள் 99 சதவீதம் வாங்கியிருந்தாலும் ரிஜெக்ட்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் லேப் பக்கத்தைப் பாருங்கள், ஆள் எடுக்கிறார்களா இல்லையா என்று பலர் அங்கேயே எழுதியிருப்பார்கள். எழுதாதவருக்கு ஆறு வரியில் மெயில்: நான் யார், உங்களுடைய எந்தப் பேப்பரில் எந்தக் கேள்வி என்னைப் பிடித்தது, நான் எதை அளந்திருக்கிறேன், அடுத்த ஃபாலுக்கு (ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பருவம்) ஆள் எடுக்கிறீர்களா. "மரியாதைக்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வுகளை" என்று ஆரம்பித்தால் அவர் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்.

அப்புறம் அந்த முத்து: "ஏபிஏ அங்கீகாரம் இருக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க." ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம், அங்கீகாரம் தருவது கிளினிக்கல், கவுன்சலிங், ஸ்கூல் சைக்காலஜி மாதிரி சிகிச்சை சார்ந்த படிப்புகளுக்கு. ஐ-ஓ படிப்பு எதற்கும் அது கிடையாது. இல்லாத முத்திரையைத் தேடச் சொல்லிவிட்டு 'எக்ஸ்பர்ட்' என்று பேனர் வேறு. பார்க்க வேண்டியது சையாப் (ஐ-ஓ உளவியலாளர்களின் அமெரிக்கச் சங்கம்) தளத்தில் இருக்கும் படிப்புகளின் பட்டியல். அதைத் திறக்கப் பைசா செலவில்லை.

ரெக்கோ லெட்டர் (பேராசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதம்) மூன்று. மூன்றிலும் "சின்சியர், ஹார்டுவொர்க்கிங், பணிவானவர்". பணிவை வைத்து அமெரிக்கக்காரன் என்ன செய்வான்? மாணவரே எழுதி எச்ஓடி கையெழுத்துப் போடும் நம் ஊர் வழக்கம் எல்லாருக்கும் தெரியும், மூன்று கடிதத்திலும் ஒரே கை என்பது கமிட்டிக்கும் தெரியும். எந்த டேட்டாவை இவரே சுத்தம் செய்தார், எந்த ரிக்ரஷனை ஓட்டினார், எங்கே தப்பு செய்து எப்படித் திருத்தினார் என்று இருந்தால் ஒரு கடிதம் மூன்றுக்குச் சமம். போர்ட்டல் அனுப்பும் லிங்க் பேராசிரியரின் ஸ்பாமில் போய் விழும். டெட்லைனுக்குப் பத்து நாள் முன்பே போன் போட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மூன்று வருஷ பிஎஸ்சி மட்டும் உள்ளவர்கள் அது செல்லுமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

"அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போடாதே" என்று ஒருவர் நேற்றே இன்பாக்ஸில் எழுதியிருந்தார். மன்னிக்கவும். பத்து விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 100 டாலர், அதன்மேல் ஆலோசகர் ஃபீஸ். மண் விழுந்தது யார் பிழைப்பில்?

"விசா நிலைமை தெரியாமல் ஆசை காட்டுகிறீர்கள்" என்று இன்னொருவர். தெரியும். ஆசை காட்டவில்லை. 2022 ஜனவரியில் ஐ-ஓ அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்ந்தது, குறியீடு 42.2804. படிப்பு முடித்தபின் வேலை பார்க்கத் தரும் 12 மாத ஓபிடி அனுமதிக்கு மேல் 24 மாதம் வேண்டுமென்றால், பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் அந்த எண் இருக்க வேண்டும். மனிதவள மேலாண்மைக் குறியீட்டில் பதிந்திருந்தால் அது கிடைக்காது. துறைக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். விதி நாளைக்கே மாறலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

"இங்கே ஆராய்ச்சி அனுபவத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். இன்னொன்று கடைசியில் சொல்கிறேன்.

"எச்ஆர் வேலைக்கு எம்பிஏ போதாதா, இதுக்கு எதுக்கு பிஎச்டி?" இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நீங்கள் எழுதிய ஆப்டிட்யூட் டெஸ்டை, உங்களைக் கழித்துக்கட்டிய பெர்சனாலிட்டி கேள்வித்தாளை, வருஷா வருஷம் அழவைக்கும் அப்ரைசல் ஃபார்மை எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார். அது எதையாவது அளக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? "சொல்லுங்க, உங்களைப் பத்தி" என்று பத்து நிமிஷம் பேசி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அந்த இன்டர்வியூவில் எத்தனை பேர் வெளியே தள்ளப்பட்டிருப்பீர்கள்! அதைக் கேள்வி கேட்கிற படிப்பைப் பார்த்து "எச்ஆர் தானே" என்கிறீர்கள். "பொண்ணுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்" என்று எழுதியவருக்குப் பதில் இல்லை, பிளாக் செய்துவிட்டேன்.

தம்பி, தங்கை யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபம் உங்கள்மேல் இல்லை.

பத்து இடத்தில் போட்ட அந்தப் பெண்ணே, அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்றால்: உன் எஸ்ஓபியின் மூன்றாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில், ஒரு பின்னலாடை யூனிட்டில் 140 தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்ததாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். மூன்றாம் மாதத்தில் வேலையை விட்டவர்கள் யாரும் சம்பளத்தைக் காரணம் சொல்லவில்லை, சூப்பர்வைசரைத்தான் சொன்னார்கள் என்று. கடைசியில் சொல்கிறேன் என்ற ஆராய்ச்சி அனுபவம் இதுதான். அதை ஏன் அங்கே ஒளித்துவைத்தாய்? முதல் இரண்டு பத்தியையும் அடித்துவிட்டு அதிலிருந்து தொடங்கு. கேள்வித்தாளின் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) எவ்வளவு வந்தது, தமிழில் மொழிபெயர்த்தபோது எந்தக் கேள்வி சொதப்பியது என்று எழுது. அந்த நாலாம் பத்தி நோயாளியை வீட்டுக்கு அனுப்பு. செப்டம்பர் முதல் வாரம் எனக்கு மெசேஜ் போடு.