அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லாதீர்கள்

இளைஞர் வேலையின்மை பற்றி நீங்கள் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த மேடை உரையை நானும் கடைசி வரை கேட்டேன். வெட்டி ஒட்டிய துண்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறாள் என்று யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். முழுவதும் கேட்ட பிறகுதான் கோபம் கூடியது. உலகம் முழுக்க இளைஞர் வேலையின்மை பதினைந்து ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டதாம். இன்னமும் வீட்டில் இருப்பவர்கள் உழைக்க மனமில்லாத சோம்பேறிகளாம். அரங்கம் கைதட்டியது. என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே அதைப் பாராட்டிப் பகிர்ந்திருக்கிறீர்கள்.

பேசியவர் சொன்ன கணக்கில் தவறில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2023-இல் 15 முதல் 24 வயதினரின் வேலையின்மை 13 சதவீதம். அதாவது ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பேர். ஆனால் அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. வேலை, கல்வி, பயிற்சி மூன்றிலுமே இல்லாதவர்கள் 20.4 சதவீதம். ஐந்தில் ஒருவர். 25 கோடிக்கும் மேல். ஆறரைக் கோடி எங்கே, இருபத்தைந்து கோடி எங்கே? மேடை ஏறியவர் அந்த இரண்டாவது எண்ணை ஏன் வாசிக்கவில்லை?

வேலையில்லாதவர் என்று கணக்கில் ஏறுவதற்கே நிபந்தனைகள் உண்டு. அண்மையில், பொதுவாகக் கடந்த நான்கு வாரங்களில், வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் உடனே சேரும் நிலையிலும் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனவர் அதில் இல்லை. கைக்குழந்தையை விட்டு வர முடியாதவர் அதில் இல்லை. நோயுற்றவர் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவர் வேலையில் இருப்பவர் ஆகிவிடுகிறார். இப்படி எடுத்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் குணத்தை எப்படி எடைபோட முடியும்?

பிரிட்டனில் 1988-இல் 16, 17 வயதினரில் பெரும்பாலோருக்கு உதவித்தொகை உரிமை நிறுத்தப்பட்டது. உதவித்தொகைப் பட்டியலிலிருந்து போனவர்கள் வேலையில்லாதோர் கணக்கிலிருந்தும் போய்விட்டார்கள். பள்ளியிலும் இல்லாத, வேலையிலும் இல்லாத அந்தப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பிறகு தேடிப்போய் எண்ண வேண்டியிருந்தது. 1999-இல்தான் அந்த நாட்டு அரசு அவர்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. வேலை, கல்வி, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர்களை எண்ண இன்று உலகம் பயன்படுத்தும் அளவுகோல் அங்கிருந்துதான் பரவியது. விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க உருவான அளவுகோல் அது. அதில் சிக்கியவர்களைத் திட்டுவதற்காக உருவானதல்ல.

உரையில் வராத இன்னொரு செய்திதான் என்னை மிகவும் வருத்துகிறது. இந்த இருபத்தைந்து கோடியில் மூவரில் இருவர் பெண்கள். இளம் ஆண்களில் 13.1 சதவீதம், இளம்பெண்களில் 28.1 சதவீதம். பெண்கள் ஆண்களைவிட இரண்டு மடங்கு சோம்பேறிகளா? கைதட்டியவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவள் கல்லூரியில் இருந்தாள். அம்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது, அதனால் அம்மா நிற்க முடியாது. நான் பள்ளி இறுதி வகுப்பு, நானும் நிற்கக் கூடாது என்றார்கள். அக்கா நின்றாள். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, மருந்து, உணவுக் குழாய், இரவில் இருமல் கேட்டால் எழுந்து ஓடுவது, எல்லாம் அவள்தான். ஒரு செவிலியர் இவற்றைச் செய்தால் அது வேலை, மாதச் சம்பளம் உண்டு. அக்கா செய்தபோது, வீட்டுக்கு வந்த உறவினர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நீ ஏம்மா ஒன்றும் செய்யாமல் வீட்டிலேயே இருக்கிறாய்?" அவள் பதில் சொல்லாமல் அவருக்குக் காபி கலக்க உள்ளே போனாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் பட்டம் வாங்கியது அவள் நின்றதால்தான்.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும். "உங்கள் அக்கா வேறு, நாங்கள் அவரைச் சொல்லவில்லை" என்பீர்கள். சொன்னீர்கள். அந்த எண்ணிக்கைக்குள் அவளும் இருந்தாள். ஒட்டுமொத்தமாகத் திட்டிவிட்டுத் தெரிந்தவர்களை மட்டும் விலக்குவது நியாயமில்லை.

"உண்மையிலேயே சோம்பேறிகள் யாருமே இல்லையா?" இருப்பார்கள். எல்லா வயதிலும் இருக்கிறார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் எதுவும் இல்லை. கைப்பேசிதான் கெடுத்தது என்பவர்களுக்கும் என்னிடம் வேறு பதில் இல்லை.

"எங்கள் காலத்தில் கிடைத்த வேலையைச் செய்து முன்னுக்கு வந்தோம்" என்பவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தில் 2008-இல் இளைஞர் வேலையின்மை ஏறத்தாழ 22 சதவீதம். 2013-இல் 58-ஐத் தொட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்கு உழைப்பு கசந்துவிட்டதா? பொருளாதாரம் நொறுங்கியது, வேலை இல்லாமல் போனது. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் சொத்துச் சந்தை சரிந்த பிறகு படித்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள். அங்கே பெரிய நிறுவனங்கள் படிப்பு முடிக்கும் ஆண்டிலேயே மாணவர்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டவர்களில் பலர் நிரந்தர வேலைக்குள் நுழையவே முடியவில்லை. அவர்களுக்கென்று அரசு தனி உதவித் திட்டம் அறிவித்தது 2019-இல். அதற்குள் அவர்களில் பலர் நாற்பதைத் தொட்டுவிட்டார்கள், தாண்டியும் விட்டார்கள். நீங்கள் முன்னுக்கு வந்ததில் உங்கள் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. நீங்கள் வேலை தேடிய நேரத்தில் கதவு திறந்திருந்தது என்பதும் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடுகிறது?

2015-இல் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் கூடி, வேலை, கல்வி, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்களின் விகிதத்தை 2020-க்குள் கணிசமாகக் குறைப்போம் என்று உறுதி எழுதின. 2023-இலும் ஐந்தில் ஒருவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அரசுகளை அந்த மேடையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. வேலை கிடைக்காத பிள்ளை மட்டும்தான் அங்கே குற்றவாளி.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் ஓர் உத்தரவாதம் கொண்டுவந்தது: 25 வயதுக்குட்பட்டவர் படிப்பையோ வேலையையோ விட்டு நான்கு மாதங்களுக்குள் ஒரு வேலையோ படிப்போ பயிற்சியோ அவருக்குக் கிடைக்க வேண்டும். 2020-இல் வயது வரம்பை 30 ஆக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் பெயரைப் பதிவு செய்தால்தான் பலன், வீட்டுக்குள் அடைபட்டவர்கள் பதிவு செய்ய வருவதில்லை. என் அக்கா எந்த அலுவலக வாசலில் போய் நின்றிருப்பாள்? அப்பாவை யார் பார்த்திருப்பார்கள்? பராமரிப்புப் பொறுப்பால் வேலைக்குப் போக முடியாத பெண்கள் 2023-இல் உலகில் 70 கோடிக்கு மேல் என்று தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்கள் 4 கோடி. குழந்தைக் காப்பகமும் முதியோர் பராமரிப்பும் இல்லாத இடத்தில் திறன் பயிற்சி முகாம் மட்டும் நடத்தி என்ன பயன்?

அப்பா போன பிறகு அக்கா வேலை தேடத் தொடங்கினாள். ஒவ்வொரு நேர்காணலிலும் நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி. உண்மையைச் சொன்னாள். "அப்படியானால் அனுபவம் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு பல இடங்களில் அழைப்பே வரவில்லை.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் என் நட்பு வட்டத்தில் சிலர் உண்டு. அந்த உரைக்கு விருப்பக்குறி இட்டவர்களும் அவர்களில் இருக்கிறீர்கள். இடைவெளி தெரியும் விண்ணப்பத்தைப் பார்த்தவுடன் ஒதுக்காதீர்கள். நேரில் அழையுங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள், பதிலை முழுதாகக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.